சென்னை புத்தகக் காட்சிக்குப் போகும் முன் எந்த எழுத்தாளரை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பள்ளிக்கூடத்தோடு தமிழ்ப் புத்தகம் படிக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது, வருகிற ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகிறேன், அங்கே மேடையிலும் அரங்குகளிலும் காணக் கிடைக்கும் எழுத்தாளர்களில் யாருடைய எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்சிக்குப் போகும் முன்பே அவர்களில் ஒருவருடைய சிறிய புத்தகம் ஒன்றைப் படித்து முடித்துவிடுங்கள். பெரிய புத்தகத்தை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்தும் இந்தக் காட்சி 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கியது. நான் போக ஆரம்பித்தபோது காயிதே மில்லத் கல்லூரியில் நடந்துகொண்டிருந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். ஒரு நாள் மாலை ஒருவர் மேடையில் பேசிய பேச்சில் அப்படியே கரைந்துபோனேன். இறங்கி ஓடிப்போய் அவருடைய எழுநூறு பக்க நாவலை வாங்கினேன். பத்து சதவீதத் தள்ளுபடி போகவும் அந்த மாதச் செலவுக் காசு முழுக்க அதிலேயே போய்விட்டது. நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. அந்த நாவல் பல வருடம் பரணில் கிடந்தது. அதைவிட மோசம், அந்த எழுத்தாளரே எனக்கு ஒத்துவராதவர் என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னால் ஒரு நண்பன் அவருடைய சிறுகதை ஒன்றைக் கொடுத்தான். அதைப் படித்தபோதுதான் இத்தனை வருடம் எதை இழந்திருக்கிறேன் என்று புரிந்தது. சரி, இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன்.

விட்டுப்போன பழக்கத்தை மீட்க ஜெயமோகனின் ‘அறம்’ தொகுப்பைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை. உண்மையாக வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதிய கதைகள். முதலில் இணையத்தில் வெளிவந்தவை என்பதால் இன்று இரவே ஒன்றைப் படித்துவிடலாம். ‘சோற்றுக்கணக்கு’ படியுங்கள். திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஒரு டப்பா இருக்கும், போடுகிறவர் போடலாம், போடாமலும் போகலாம். பசியோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஏழை மாணவனின் இலையில் அந்தப் பெரிய கை சோற்றையும் மீனையும் அள்ளி வைத்துக்கொண்டே இருக்கும். விடுதிச் சாப்பாட்டில் பசியாறாத நாட்களைப் பார்த்தவன் நான். முதல்முறை படித்தபோது பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்தத் தொகுப்பு பிடித்த பிறகு அவருடைய பெரிய நாவல்களுக்குப் போங்கள்.

பெருமாள்முருகன் என்றாலே எல்லோரும் ‘மாதொருபாகன்’ பற்றித்தான் பேசுவார்கள். நான் ‘பூனாச்சி’யில் தொடங்கச் சொல்வேன். ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு வெள்ளாட்டுக்குட்டி, அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்கும். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிர்ப்பு வலுத்தபோது, 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, அவர் மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு வந்த முதல் நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம் இருப்பதாகச் சொல்லி ஆடுகளைப் பற்றி எழுதினார். பிறகு 2023இல் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. இலக்கியப் பரிசு கிடைத்தது.

இமையத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அவருடைய ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி வீட்டை எதிர்த்து ஒரு ஆட்டோ ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஒரு நாள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. அப்பாவின் கையில் பணம் இருக்கிறது, ஆனால் அது அங்கே செல்லாது.

2022இல் என் அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தபோது நான் இதைப் படித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் பத்துப் பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். நர்ஸ் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்குரியவர் மட்டும் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவார், மற்றவர்கள் உட்காருவார்கள். யாரோ டீ வாங்கி வந்து முன்பின் தெரியாதவருக்கும் கொடுப்பார். புத்தகத்தில் இருந்ததும் இந்தக் காத்திருப்புதான், என்னைச் சுற்றி நடந்ததும் அதுதான். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தார். அந்தப் பிரதியில் அடையாளத்துக்கு வைத்த மருந்துக்கடை ரசீது இன்னும் அதே பக்கத்தில் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை. இவ்வளவு சொல்லிவிட்டும் சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரமாக இருந்தால் இந்த நாவலைத் தள்ளி வையுங்கள். அவருடைய முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தது. ஊருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் கதை. அதிலிருந்தும் தொடங்கலாம்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ சிறிய நாவல். 2023இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் பாட்டில் வருவது. யாதும் ஊரே என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதே பாட்டின் உள்ளே, ஆற்றோடு போகும் தெப்பத்தைப் பற்றிய வரி. கொங்குப் பகுதியில் குடிநாவிதக் குடும்பம் ஒன்றில் காரு மாமா இறந்துபோகிறார், சொந்தங்கள் வந்து சேர்கின்றன. சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே பழைய கணக்குகளும் பழைய பாசமும் எப்படி எழுந்து வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

சோ. தர்மனின் ‘சூல்’ கனமான புத்தகம், தொடக்கத்துக்கு வேண்டாம். ஆனால் கரிசல் காட்டில் வேர் உள்ளவர் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு கண்மாயும் அதை நம்பி வாழும் உயிர்களும்தான் கதை. என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர், மடிப்பாக்கத்துக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. புத்தகம் கை வலிக்கும் என்று தலையணை மேல் வைத்துப் படித்தார். ஒரு நாள் சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எங்க ஊர் மடையும் இப்படித்தான்யா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அயிரை, கெண்டை, விரால் என்று மீன் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அதுவரை கேட்டிராத கதைகள் எல்லாம் அந்த வாரம்தான் வெளியே வந்தன.

அம்பையின் கதைகளை இதுவரை படிக்காதவர் என்றால் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையைப் படியுங்கள். பெரிய வீடு, கடைசியில் இருண்ட சமையலறை, அதற்குள்ளேயே கழிந்துவிடும் பெண்களின் ஆயுள். படித்த பிறகு நம் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பீர்கள்.

கதை வேண்டாம், கட்டுரைதான் பிடிக்கும் என்றால் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. 2024இல் வ.உ.சி. பற்றிய நூலுக்காக சாகித்ய அகாதமி விருது வாங்கினாரே, அவர்தான். டிகிரி காப்பி நம் பரம்பரை அடையாளம் என்று நினைக்கிறோம் அல்லவா, அது எப்போது, யார் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று ஆதாரத்தோடு எழுதியிருப்பார். வரலாறு இவ்வளவு ருசியாக இருக்குமா என்று இருக்கும்.

அப்புறம், சென்னையில் இருந்துகொண்டு சென்னையைப் படிக்காமல் இருக்கக் கூடாது. தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டையில் நடக்கிறது. 1734இல் நெசவாளர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் உருவாக்கிய ஊர் அது, இன்று கூவம் கரையில் நெருக்கியடித்து நிற்கிறது. அந்த மக்களின் பேச்சை அவர் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். சினிமாவில் சிரிப்புக்காகப் பயன்படுத்திய அந்தத் தமிழில் துக்கமும் பக்தியும் காதலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

இவற்றில் முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம், எழும்பூர் கன்னிமாராவிலோ உங்கள் ஏரியா கிளை நூலகத்திலோ கேளுங்கள். யார் எந்த நாளில் பேசுகிறார் என்ற நிகழ்ச்சி நிரலைக் காட்சி தொடங்கும்போது வெளியிடுவார்கள், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் பொங்கல் விடுமுறையைத் தவிர்த்து வேலை நாளில் போங்கள். அப்போதுதான் அரங்கில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரிடம் இரண்டு நிமிடம் நின்று பேச முடியும். படித்துவிட்டுப் போனால் அவரிடம் கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்.

இந்த முறை அம்மாவும் வருகிறார். நூலகத்திலிருந்து ‘பூனாச்சி’ எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன், பாதி தாண்டிவிட்டார். ஆட்டுக்குட்டிக்கு என்ன ஆகிறது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.