அது நான் இல்லையே

அன்புள்ள ஆசிரியருக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து, தறியிலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர்களின் கதைகளைக் கைபேசியில் பதிவுசெய்து வருகிறோம். ஒவ்வொன்றையும் மூன்று நிமிட அனிமேஷன் படமாக்கிப் பொங்கலன்று தெருச் சுவரில் திரையிட எண்ணம். முதல் படம் எழுபத்தாறு வயதுப் பாட்டி ஒருவருடையது. எட்டு வயதில் அப்பாவின் தறியில் கரைப்பக்கம் உட்கார்ந்ததையும், தான் தூங்கி விழும்போது அப்பா திட்டாமல், எழுப்பாமல், தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததையும் அவர் சொன்னார். எங்கள் ஓவிய நண்பர் இரண்டு மாதம் உழைத்து வரைந்தார்: பட்டு இழைகள் பறவைகளாக மாற, சிறுமி அவற்றின்மீது ஏறிப் பறக்கிறாள், பின்னணியில் வீணை. பார்த்து முடித்த பாட்டி, "அழகா இருக்குப்பா. ஆனா அது நான் இல்லையே" என்று சொல்லிவிட்டார். நண்பர் மிகவும் சோர்ந்துபோனார். கலை என்று வந்துவிட்டால் மாற்றம் இல்லாமல் முடியுமா? நியாயம் யார் பக்கம்?

க., காஞ்சிபுரம்

அன்புள்ள க.,

பாட்டியின் பக்கம்தான். நண்பரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாட்டி சொன்னதை ஓவிய பாணி பற்றிய கருத்தாக நீங்கள் எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. அவர் தேடியது வேறு.

கோர்வைப் புடவை நெய்யும் விதம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு இழை; அதை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவும் மூன்று. கரைப்பக்கம் ஆள் இல்லாவிட்டால் வேலை ஓர் அங்குலம் நகராது. கூலியோ நெய்து கொடுத்த புடவைக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டில், மகள் தூங்குகிறாள் என்பதற்காக ஒருவர் தறியை நிறுத்தினார் என்றால், அந்த நேரத்தின் கூலியை அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதைத்தான் பாட்டி அறுபத்தெட்டு ஆண்டுகளாக மனதில் வைத்திருக்கிறார். உங்கள் படத்தில் தறி நிற்கவே இல்லை. அது பறவையாகிப் பறந்துவிட்டது. அப்பாவும் இல்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து, இடைவெளிகளையெல்லாம் வெட்டிச் சுருக்கி அவருக்கே போட்டுக் காட்டினேன். "நடுவுல கொஞ்ச நேரம் சும்மா இருந்தேனே, அது எங்க?" என்று கேட்டார். அந்த மௌனத்துக்கு முன்னால்தான் கூடவே ஓடிய கிளீனர் பையனைப் பற்றிச் சொல்லியிருந்தார். பதினொரு நொடி. மென்பொருளில் அது வெறும் தட்டையான கோடாகத் தெரிந்தது, வெட்டிவிட்டேன்.

பிபிசி வேல்ஸ் 2001 முதல் 2008 வரை நடத்திய 'காப்சர் வேல்ஸ்' திட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. பட்டறைக்கு வந்த பத்துப் பேர் அளவிலான ஊர்க்காரர்கள் முதலில் வட்டமாக உட்கார்ந்து கதையைச் சொல்வார்கள். பிறகு அதைச் சுமார் 250 சொற்களில் தாமே எழுதி, தம் குரலிலேயே வாசித்து, வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்துவந்த சில புகைப்படங்களோடு தாமே கணினியில் கோத்து, இரண்டு நிமிடப் படமாக்குவார்கள். கலைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 1990களில் உருவான இந்த முறையை வேல்ஸுக்குக் கொண்டுவந்த டேனியல் மெடோஸ் அடிப்படையில் புகைப்படக்காரர். 1973-இல் பழைய இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்றை வாங்கி, பதினான்கு மாதங்கள் இங்கிலாந்து முழுவதும் ஓட்டிச் சென்று, 958 பேரை இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களில் சிலரைத் தேடிப் போய் மறுபடியும் எடுத்தார். முகங்களைச் சேர்த்த ஒருவர் கடைசியில் கருவியையே அவர்கள் கையில் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

உங்கள் பாட்டி கணினியில் உட்கார வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, கண் ஒத்துழைக்காது. வேறு வழியும் உண்டு. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அந்தத் தரைப்படங்களோடு, கட்டடக் கலைஞர் அளவோடு திருத்தி வரைந்ததையும், தாம் வரைந்த ஓவியத்தையும் சேர்த்து 2011-இல் ஒரு நூலாக்கினார். பழைய நிலப்பதிவேட்டின் பெயரான தோம்பு என்ற சொல் அதன் தலைப்பில் இருக்கிறது. கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று நடுங்கும் கோட்டில் குறித்த அந்த முதல் படத்தின் மீது அவர் வரையவில்லை, பக்கத்தில் வரைந்தார். அது கணினிக் கலை அல்ல என்றாலும் உங்கள் நண்பர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே பாட்டியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துத் தறியையும், அப்பா உட்கார்ந்த இடத்தையும், தான் உட்கார்ந்த இடத்தையும் வரையச் சொல்லுங்கள். வட்டமும் கோடுமாக வந்தாலும் போதும், படம் அதிலிருந்து தொடங்கட்டும். வெட்டும்போது அவரும் உடன் இருக்கட்டும். முழுப் பதிவை அழிக்காமல் ஒரு பிரதியை அவர் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். திரையிடும் முன் மறுபடியும் அனுமதி கேளுங்கள். கைபேசியின் முன் பேசச் சம்மதித்தவர் தெருச் சுவருக்கும் சம்மதித்துவிட்டதாக ஆகாது, மறுநாள் காலையில் அதே தெருவில் அவர்தானே தண்ணீர் பிடிக்க வேண்டும்.

பறவைகளை நண்பர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், அப்பா தறியை நிறுத்திய பிறகு வரட்டும். வீணையை மட்டும் எடுத்துவிடுங்கள். உங்கள் பதிவைக் காதில் மாட்டி இன்னொரு முறை கேளுங்கள்; பிள்ளையார்பாளையத்தில் எடுத்தது, எங்காவது பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கும்.