முதலில் அந்தத் துணியை அவன் கையில் கொடுங்கள்

கேள்வி: டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகன் இரண்டு வருடமாகக் கெண்டோ என்ற ஜப்பானிய வாள் கலையைக் கற்கிறான். பயிற்சிக்கு முன் பிள்ளைகள் தரை துடைப்பதெல்லாம் முடிகிற நேரம் பார்த்துத்தான் கூட்டிப் போவேன், ஆனால் பயிற்சிக்கு ஒருநாளும் தாமதமானதில்லை. போன மாதப் போட்டியில் எதிராளியின் தலையில் சரியாக அடித்தான். நடுவர்கள் மூவரும் கொடி தூக்கினார்கள். சந்தோஷத்தில் கையை உயர்த்திக் குதித்தான். உடனே புள்ளியை ரத்து செய்துவிட்டார்கள். என் கணவர் எழுந்து சத்தம் போட்டார். அதிலிருந்து ஆசிரியர் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. சின்னப் பிள்ளை சந்தோஷப்படக்கூட உரிமை இல்லையா? வேறு டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சேர்த்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புள்ளி போன கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கெண்டோவில் ஷினாய் என்ற மூங்கில் வாள் தலையில் பட்டதோடு புள்ளி கிடைத்துவிடாது. குரல் வேண்டும், உடல் நிமிர்ந்திருக்க வேண்டும், அடித்த பிறகும் எதிராளி மேல் கவனம் குறையக் கூடாது. கடைசியில் சொன்னதை ஸன்ஷின் என்பார்கள். கையை உயர்த்திக் குதிப்பவனிடம் அது இல்லை. கொடுத்த புள்ளியைத் திரும்ப எடுக்க விதியிலேயே இடம் உண்டு. நடுவர் தீர்ப்பை ஆட்சேபிக்க யாருக்கும் அனுமதி இல்லை. கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் அந்தக் கூட்டத்தில் உங்கள் கணவர் எழுந்து கத்தியது தவறு. அப்பா கத்துவதைப் பார்த்த பிள்ளை, தான் செய்ததில் தப்பில்லை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பான்.

இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உங்கள் கடிதத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தது, தரை துடைத்து முடிகிற நேரம் பார்த்துக் கூட்டிப் போகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். இரண்டு வருடமாகவா, அம்மா?

துடைக்கும்போது நீங்கள் அங்கே இருந்ததில்லை, அதனால் சொல்கிறேன். நனைத்துப் பிழிந்த துணியை மடித்துத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு, இடுப்பைத் தூக்கியபடி பிள்ளைகள் வரிசையாக இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடுவார்கள். திரும்பி மறுபடி ஓடுவார்கள். கெண்டோ வெறுங்காலில் ஆடுவது. ஒவ்வொரு அடிக்கும் வலது காலை ஓங்கி மிதித்துப் பாய வேண்டும். தரையில் மணல் இருந்தால் வழுக்கும், மரச் சிலும்பு இருந்தால் பாதத்தில் ஏறும். உங்கள் மகன் இரண்டு வருடமாகக் காலில் கீறல் படாமல் ஆடுகிறான் என்றால், அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் குனிந்து துடைத்த தரையில் ஆடுகிறான். ஒருநாளும் தாமதமில்லை என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். பயிற்சி தொடங்குவதே அந்தத் துணியில்தான். அந்தக் கணக்கில் அவன் ஒருநாள்கூட நேரத்துக்குப் போனதில்லை.

துடைப்பது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலை என்ற எண்ணத்தை நம் ஊரிலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். அது எந்த வீட்டுப் பழக்கம், யாரைக் குனிய வைத்து வளர்ந்த பழக்கம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆண் பிள்ளை துடைப்பத்தைத் தொட்டால் பதறும் வீடுகளின் கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன. அதில் பாதி, அந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்ட பெண்கள் எழுதுவது. பிள்ளையை வேலை செய்ய விடாமல் வளர்ப்பதைப் பாசம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவன் குதித்ததும் இங்கிருந்து வந்ததுதான். எதிரே நிற்பவன் தலையைக் கொடுப்பதால்தான் இவன் அடிக்கப் பழக முடிகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவனுக்குத் தலைகுனிவது அதற்காகத்தான். ஷினாய் நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. ஒரு பட்டை உடைந்து முகக்கவசத்தின் கம்பி இடுக்கில் நுழைந்தால் எதிராளியின் கண் போய்விடும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதைப் பார்ப்பது யார்? நீங்கள் என்றால், இன்றோடு நிறுத்துங்கள். 1975-இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் கெண்டோ எதற்கு என்று எழுதிவைத்தது. வாளின் நெறிகளால் மனிதனின் குணத்தைப் பண்படுத்த, என்பதுதான் அதன் சாரம். ஜெயிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டோஜோ மாற்ற வேண்டாம். அங்கேயும் தரை இருக்கும். அடுத்த வகுப்புக்கு அரைமணி முன்னால் அவனை அனுப்புங்கள். கவசப் பையை அவனே சுமக்கட்டும், நீங்கள் தொடாதீர்கள். துடைத்து முடித்ததும் துணியை அலசிக் காயப் போடுவதும் அவன் வேலை. பயிற்சி முடிந்து ஒவ்வொருவராக ஆசிரியர் முன் மண்டியிட்டு வணங்கிக் குறைகளைக் கேட்பார்கள் அல்லவா, அப்போது போட்டியில் நடந்ததற்கு அவன் வாயாலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜப்பானிய மொழியில் நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது.

உங்கள் கணவரும் போய் ஆசிரியரைப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்குக் கெண்டோ சொல்லித்தருபவர்களில் பலர் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த மாலையில் வந்து நிற்பவர்கள். பரிசுப் பெட்டி எதுவும் கொண்டு போக வேண்டாம். அன்று சத்தம் போட்டது தப்பு என்று அவர் சொன்னால் போதும். கூடவே மகனும் நிற்கட்டும், அப்பா தலைகுனிவதை அவன் பார்க்க வேண்டும். ஒரு வருடம் இப்படிப் போன பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். ஆனால் அதையும் ஆசிரியரிடம் அவனேதான் போய்ச் சொல்ல வேண்டும்.