வேக்குவம் கிளீனர் மோட்டாரை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வேக்குவம் கிளீனர் சில நாட்கள் விட்டுவிட்டு ஓடி, பிறகு கருகிய வாடையுடன் நின்றுவிட்டது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா, அல்லது புதிதாகவே வாங்கிவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: முடிவெடுக்கும் முன், மோட்டாரின் கார்பன் பிரஷ்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வயருடன் இயங்கும் வேக்குவம் கிளீனர்களில் பெரும்பாலும் இந்த பிரஷ்களோடு இயங்கும் யுனிவர்சல் மோட்டார்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய அதன் கம்யூட்டேட்டரை (செப்புப் பட்டைகள் பதித்த உருளையை) இருபுறமும் உரசியபடி மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் அந்தக் கரித்துண்டுகள் நாளடைவில் தேய்வது இயல்பு. தேய்ந்தால் தீப்பொறி மிகும், மோட்டார் விட்டுவிட்டு ஓடும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுவே என்பதால், பிரஷ்களை ஜோடியாக மாற்றினாலே சரியாகிவிட வாய்ப்புண்டு. செலவும் மிகக் குறைவு.

கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகள் வழவழப்பாக, சீரான பழுப்பு நிறத்தில் இருந்தால் கவலையில்லை. அவை கறுத்துக் குழி விழுந்திருந்தாலோ, வைண்டிங் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) கருகியிருந்தாலோ, மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். உடலும் குழாயும் நன்றாக இருக்கும் இயந்திரத்தை அதற்காகத் தூக்கியெறிவது வீண் என்பதே என் கருத்து.

புதிய மோட்டாருக்கு வாட்ஸ் பொருந்தினால் மட்டும் போதாது. விட்டமும் உயரமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். உங்களுடையது ஈரத்தையும் உறிஞ்சும் வகை என்றால், குளிர்விக்கும் காற்றுக்குத் தனி வழியுள்ள பைபாஸ் மோட்டாரையே கேளுங்கள், ஏனெனில் சாதாரண மோட்டாரைப் பொருத்தினால் ஈரக்காற்று வைண்டிங் வழியாகவே போகும், அது ஆபத்து. காற்று கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் கேஸ்கெட்டையும் அடைபட்ட ஃபில்டரையும் கையோடு மாற்றிவிடச் சொல்லுங்கள். காற்றோட்டம் குறைந்தால் புதிய மோட்டாரும் சூடேறிக் கருகிவிடும்.