கமீய் என்றொரு பெயர்: கேள்வி பதில்

சி, ஏ, எம், ஐ, இரண்டு எல், கடைசியில் ஓர் ஈ. இப்படி எழுதப்படும் பிரெஞ்சுப் பெயரைக் கொண்ட மனிதர்களையும் கதைமாந்தர்களையும் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பல ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்த தைரியம். வந்த கேள்விகளில் பாதி உச்சரிப்பைப் பற்றியவை.

மயிலாடுதுறை வாசகர்: காமில்லே, கமில், கமிலி என்று மூன்று விதமாகப் படித்திருக்கிறேன். எது சரி?

மூன்றும் இல்லை. கமீய். அந்த இரண்டு 'எல்'லும் யகரமாகக் கரைந்துவிடும். விதிவிலக்கு உண்டு: நகரத்தைக் குறிக்கும் 'வில்', ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்', வடக்கே உள்ள லீல் நகரம். இவற்றில் லகரம் ஒலிக்கும். கமீயில் ஒலிக்காது.

கல்லூரி மாணவி, திருச்சி: இது ஆண் பெயரா, பெண் பெயரா ஐயா?

இரண்டும்தான். இந்தப் பெயரின் சுவாரசியமே அதுதான். பண்டைய ரோமில் பலிச்சடங்குகளின்போது பூசாரிக்கு எடுபிடியாக நின்ற சிறுவனை 'கமில்லுஸ்' என்றார்கள், சிறுமியை 'கமில்லா' என்றார்கள். தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்கும் பிள்ளைதான் அந்த வேலைக்குத் தகுதி. லத்தீனில் இருபாலுக்கும் தனித்தனி விகுதி இருந்தது. பிரெஞ்சுக்கு வந்ததும் விகுதி தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்காக இரண்டு கமீய்கள் நீந்தினார்கள். கமீய் முஃபா பெண். 400 மீட்டரில் தங்கம் வென்றவர், 2015-இல் அர்ஜெண்டினாவில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். கமீய் லக்கூர் ஆண். மல்லாந்து நீந்துவதில் வல்லவர்.

கதைகளிலும் இதே கூத்துதான். பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேயின் 1640-ஆம் ஆண்டு நாடகத்தில் வரும் கமீய் ஒரு ரோமானியப் பெண். அவள் காதலனைப் போரில் கொன்றவன் அவள் அண்ணனே. வெற்றியோடு திரும்பிய அவன் முன்னால் அவள் ரோமையே சபிக்கிறாள். அவன் அவளையும் வெட்டிவிடுகிறான். எமில் ஜோலா 1867-இல் வெளியிட்ட நாவலின் கமீயோ நோஞ்சான் கணவன். மனைவியின் கள்ளக்காதலன் அவனைப் படகிலிருந்து தூக்கி சேன் நதியில் எறிகிறான். என் எச்சரிக்கை இது: முழுப்பெயர் தெரியாமல் கமீயை 'அவன்', 'அவள்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். கமீய் பிசாரோ என்ற ஆண் ஓவியரைப் பெண் என்று எழுதிய விடைத்தாளை நானே திருத்தியிருக்கிறேன்.

மதுரை வாசகர்: கிரேட்டா கார்போ 1936-இல் நடித்த படத்தின் கதாநாயகி கமீய்தானே?

இல்லை. ஆங்கிலத்தில் படத்துக்குத்தான் அந்தப் பெயர். கதாநாயகி மார்கரித். அவள் சூடும் கமேலியா பூவின் பெயர் ஆங்கிலத்தில் குழம்பியதன் விளைவு இது. பூவுக்கும் நம் பெயருக்கும் உறவில்லை; கமெல் என்ற ஏசு சபைத் துறவியின் நினைவாகத் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டியது அது.

செவிலியர், வேலூர்: இந்தப் பெயருள்ளவர்களில் நம் வாழ்க்கையைத் தொட்டவர் யாராவது உண்டா?

இடது தோளைப் பாருங்கள் அம்மா. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருக்கும். அந்த மூன்று எழுத்தில் கடைசியானது கமீய் கெரேன். நடு எழுத்து கல்மெத், முதல் எழுத்து 'பசில்', அதாவது கிருமி.

கெரேன் கால்நடை மருத்துவர். லீல் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் அவரும் கல்மெத்தும் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, உருளைக்கிழங்குத் துண்டில் கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்து வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 1908-இல் தொடங்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை அந்த நகரத்தையே பிடித்துக்கொண்டிருந்தபோதும் மாற்றுவதை நிறுத்தவில்லை. 13 ஆண்டுகள், சுமார் 230 முறை. அதற்குள் கிருமியின் கொடுமை அடங்கிவிட்டது. 1921-இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு முதலில் கொடுத்தார்கள், ஊசியாக அல்ல, வாய் வழியாக.

1930-இல் ஜெர்மனியின் லூபெக்கில் 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது பழி தடுப்பூசி மேல் விழுந்தது. அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் கொடிய கிருமி கலந்துவிட்டதுதான் காரணம் என்று பிறகு நிரூபணமாயிற்று. கல்மெத் மனமுடைந்து 1933-இல் போய்விட்டார். கெரேன் 1961 வரை இருந்தார். கிண்டியில் 1948-இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுப்பதில்லை என்று காட்டிற்று. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் காசத்துக்கு எதிராக அது இன்றும் காவல்.

பொறியியல் மாணவர், கோவை: கணக்கில் வரும் காஸ்–ஜோர்டான் முறையைக் கண்டவர் கமீய் ஜோர்டான்தானே?

இல்லை தம்பி. அந்த ஜோர்டான் வில்ஹெல்ம், ஜெர்மன் நில அளவையியலாளர். ஜோர்டான் வளைகோடு, ஜோர்டான் வடிவம் இரண்டும்தான் நம் கமீயுடையவை. தேர்வில் எழுதிவிடாதே.

புதுச்சேரி வாசகர்: இங்கிலாந்து அரசி கமிலா?

அது வேறு வடிவம், வேறு நாடு. இன்றைக்கு வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகர்: 'கமீய்' என்பது 'கமலம்' என்ற சொல்லின் திரிபு என்று நான் உறுதியாகச் சொல்வேன். கமலா, கமிலா: காது கேட்கவில்லையா?

கேட்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சியாகாது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் ஏறக்குறைய 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து போனதல்ல, வெறும் தற்செயல். 'இஞ்சி' கிரேக்கம் வரை போயிற்று என்றால் நம்பலாம், ஏனென்றால் இஞ்சி மூட்டையும் கூடவே போயிற்று. கமலத்தை எந்த மூட்டை சுமந்தது?

சென்னை வாசகர்: தஞ்சாவூர்க்காரர் சொல்வது தவறு. கமலம் வடசொல். தாமரைதான் தமிழ்.

தஞ்சாவூர் வாசகர்: 'கமழ்' என்ற வேர் தமிழில் இருக்கும்போது கமலம் எப்படி வடசொல்லாகும்?

சேலம் வாசகர்: 'காமில்' என்றால் அரபியில் முழுமையானவர். அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

மூவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அரபிக் காமில் தனிச்சொல், தனிவேர். கமழ்வதும் கமலமும் நீங்கள் இருவரும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை. கமீய் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. தமிழுக்கும் இந்தப் பெயருக்கும் மெய்யான ஓர் உறவு வேண்டுமென்றால், கமில் சுவலபிலை நினைத்துக்கொள்ளுங்கள். கமீயின் செக் வடிவம்தான் கமில். தமிழ் இலக்கியத்துக்காக வாழ்நாளைச் செலவிட்ட மனிதர், 2009-இல் மறைந்தார்.

நாகர்கோவில் வாசகர்: கமில்லே என்பது ஆணா பெண்ணா?

மேலே பாருங்கள். உச்சரிப்பையும் மேலேயே பாருங்கள்.

ஓவிய ஆசிரியை, கும்பகோணம்: ரோதேனின் மனைவி கமீய் க்ளோதெல் பற்றிச் சொல்லுங்கள்.

மனைவி அல்ல. சிற்பி ரோதேன் 1917-இல் மணந்தது ரோஸ் பெரே என்பவரை. கமீய் க்ளோதெல் அவருடைய மாணவி, காதலி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னளவில் பெரிய சிற்பி. நடனமாடும் இணையை அவர் வடித்த சிலை கீழே விழுந்துவிடுமோ என்று பதறும் அளவுக்குச் சாய்ந்து நிற்கும். 1913 மார்ச்சில் தகப்பனார் இறந்தார். சில நாட்களிலேயே குடும்பத்தார் கமீயை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். அனுப்பிவிடலாம் என்று மருத்துவர்கள் எழுதியும் தாய் மறுத்துவிட்டார். தம்பி போல் க்ளோதெல் புகழ்பெற்ற கவிஞர், தூதுவர். முப்பது ஆண்டில் சில முறைதான் வந்து பார்த்தார். 1943-இல் விடுதியிலேயே கமீயின் உயிர் போயிற்று. அந்தத் தம்பியின் கவிதைகளைப் பாடம் நடத்திய நாட்களில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

தஞ்சாவூர் வாசகர்: அப்படியானால் 'கமமைல்' தேநீர்?

கிரேக்கத்தில் 'தரை ஆப்பிள்'. கமலம் இல்லை.

ஈரோடு வாசகர்: விளையாட்டு, வேகம் என்று யாராவது?

பெல்ஜியத்து கமீய் ஜெனாட்ஸி. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிசுக்கு அருகே அஷேரில் மணிக்கு 105.88 கிலோமீட்டர். தரையில் நூறைத் தாண்டிய முதல் கார் அதுதான். பெட்ரோல் இல்லை, மின்சாரம்! தோட்டா வடிவக் காருக்கு 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று பெயர். ஓட்டுநர் மட்டும் இடுப்புக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு காற்றைத் தடுத்தபடி உட்கார்ந்திருப்பார். 1913-இல் வேட்டைக்குப் போன இடத்தில் நண்பர்களை ஏமாற்றப் புதருக்குப் பின்னால் பன்றிபோல உறுமினார். பன்றி என்றே சுட்டுவிட்டார்கள்.

காரைக்கால் வாசகி: பிறக்கப்போகும் பேத்திக்கு இந்தப் பெயரை வைக்கலாமா?

தாராளமாக. பேரனாகப் பிறந்தாலும் மாற்ற வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழ் எழுத்தில் 'கமீய்' என்றே எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் 'காமில்லே' என்று எழுதினால் அங்கேயே நின்று திருத்திவிட்டு வாருங்கள்.