உதவி செய்தால் பி.பி. குறையுமா?

கேள்வி: எனக்கு 66 வயது. பி.பி.க்கு தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். ‘நாலு பேருக்கு நல்லது செய்தால் பி.பி. தானாகக் குறையும்’ என்று என் மகள் செல்போனில் எதையோ படித்துவிட்டுச் சொல்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றுக்கு மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பி.பி. இறங்கக் காணோமே, டாக்டர்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மகள் சொன்னது கட்டுக்கதை இல்லை ஐயா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ரத்தக் கொதிப்பு உள்ள வயதானவர்கள் 73 பேர். மூன்று வாரம், வாரத்துக்கு 40 டாலர் கையில் கொடுத்து, சிலரை ‘உங்களுக்கே செலவழியுங்கள்’ என்றார்கள்; மற்றவர்களை ‘பிறருக்குச் செலவழியுங்கள்’ என்றார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களுக்குக் கொதிப்பு குறைந்திருந்தது. அதிலும் மனதுக்கு நெருக்கமானவர்களுக்குச் செய்தவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒருவர், வியட்நாம் போரில் தன்னோடு இருந்த நண்பரின் நினைவாகக் கட்டிய பள்ளிக்குக் கொடுத்தாராம். ஆனால் 73 பேர் என்பது சின்னக் கணக்கு. அதை நம்பி மருந்துச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் பணம் தானாகப் போகிறது. நல்ல காரியம்தான், தொடருங்கள். ஆனால் அது போனதே உங்களுக்குத் தெரிவதில்லையே! என் கிளினிக்குக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். டோக்கன் வாங்கிவிட்டுச் சும்மா உட்கார மாட்டார். கண்ணாடி கொண்டுவராத பாட்டிகளின் மாத்திரை அட்டையை வாங்கி, காலை மாத்திரைக்குப் பேனாவால் ஒரு சூரியன், ராத்திரி மாத்திரைக்கு ஒரு பிறை வரைந்து கொடுப்பார். பாட்டிகள் பதிலுக்கு மருமகள் கதை வரை சொல்வார்கள். அவருக்கும் பி.பி. உண்டு, மாத்திரையும் உண்டு. ஆனால் என் முன்னால் வந்து உட்காரும்போது மற்றவர்களிடம் இருக்கும் படபடப்பு அவரிடம் இருக்காது. தன் கவலையையே நினைத்துக்கொண்டிருந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும். அவருக்கு அதற்கு நேரமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையான மாமியாரை ராப்பகலாகப் பார்க்கும் பெண்ணிடம் போய் ‘சேவை செய்தால் உடம்புக்கு நல்லது’ என்று யாரும் பேசிவிடாதீர்கள். தூக்கம் கெட்டுச் செய்யும் உதவி கொதிப்பை ஏற்றத்தான் செய்யும். அவருக்கு வேண்டியது அரை நாள் மாற்றிவிட ஒரு ஆள். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் போகலாமே.

முதியோர் இல்லத்துக்கும் இந்த மாதம் நேரில் போய் வாருங்கள். அப்புறம், வந்த கையோடு பி.பி. பார்க்க வேண்டாம், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தாலும் மாத்திரையைக் குறைப்பது உங்கள் டாக்டர் வேலை, உங்கள் வேலையோ மகள் வேலையோ இல்லை.