கோணேசர் கோயில் ஏன் இரண்டு தடவை பதிவானது?

உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "திருகோணமலை மாவட்டத்து இடங்களை மக்னோலியா என்ற இணையத்தள உள்ளடக்க மென்பொருளில் ஏற்றுகிறேன். எக்செல் பட்டியலை ஜாவா நிரல் படித்து, அந்தப் பெயரில் நோட் (ஓர் இடத்துக்கான பதிவு) உண்டா என்று ஹாஸ்நோட் கட்டளை மூலம் பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஆட்நோட் கட்டளையால் சேர்க்கிறது. முதல் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினேன். திருத்திய பட்டியலை நேரடியாக யூனிகோட்டில் தட்டினேன். அதை ஓட்டியதும் கோணேசர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டையும் இரண்டிரண்டாக வந்துவிட்டன. நிலாவெளி, கன்னியா, புறாத்தீவு ஒவ்வொன்றுதான். எங்கே பிழை?"

இரட்டித்த பெயர்களைப் பாருங்கள். இரண்டிலும் 'கோ' இருக்கிறது. மற்ற மூன்றிலும் இல்லை. விடை அங்கேதான்.

பாமினியில் 'கோ' எழுத மூன்று விசைகள்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். சில மாற்றிகள் கொம்பைக் 'க'வுக்குப் பின்னால் நகர்த்துவதோடு நின்றுவிடும். கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே தங்கிவிடும். யூனிகோட் விசைப்பலகை ஓகாரக் குறியை ஒரே குறியாகத் தருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஜாவா குறி குறியாக ஒப்பிடுவதால், ஹாஸ்நோட் 'இல்லை' என்கிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லாப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு.

மருந்து ஒரே வரி. ஜாவா 6 முதலே கூட வரும் நார்மலைசர் வகுப்பில், பிரிந்த குறிகளைச் சேர்த்துவைக்கும் என்எஃப்சி வடிவைத் தேர்ந்து, எக்செலில் இருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் அதன் வழியாக அனுப்புங்கள். தனிக்குறிகள் ஒன்றாகிவிடும். பெயரை மட்டுமல்ல, விவரணையையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் நாளைக்குத் தேடலில் இதே தலைவலி வரும்.

அதைவிட நல்ல வழி, நோட்டின் பெயராகத் தமிழ்த் தலைப்பை வைக்காமல் விடுவது. மக்னோலியா தரவைச் சேமிக்கும் ஜேசிஆர் தமிழ்ப் பெயரை ஏற்கும், சரி. ஆனால் முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீத வடிவில் 9 எழுத்தாக விரியும்; 'திருகோணமலை' மட்டும் 10 குறி, 90 எழுத்து. பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் மாறாத எண் கொடுத்து, அதை நோட் பெயராக்குங்கள். தலைப்பு ஒரு பண்பாக உள்ளே இருக்கட்டும். எழுத்துப்பிழை திருத்தினாலும் நோட் மாறாது, எத்தனை தடவை ஓட்டினாலும் இரட்டிக்காது. நான் எப்போதும் இதைத்தான் செய்வேன்.

ஒன்று மறக்க வேண்டாம்: சேர்த்ததெல்லாம் சேவ் அழைக்கும் வரை அந்த செஷனுக்குள் (நிரல் திறந்த தற்காலிக அமர்வுக்குள்) மட்டுமே இருக்கும். 50 வரிக்கு ஒரு தடவை சேவ் செய்யுங்கள். சேவ் தோற்றால் ரிஃப்ரெஷ் கட்டளைக்கு ஃபால்ஸ் கொடுத்து அந்தத் தொகுதியைக் கைவிட்டு, எந்த வரி என்று பதிந்துகொள்ளுங்கள்.

இப்போதுள்ள இரட்டைகளை அழிக்கும் முன் அவை இருக்கும் கிளையை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அவை ஏற்கெனவே பொதுத் தளத்துக்குப் போயிருந்தால் நிரலால் அழிக்காதீர்கள். அப்படி அழித்தால் நீங்கள் எழுதும் தளத்தில் மட்டும் மறைந்து, வாசகர் பார்க்கும் பக்கத்தில் அப்படியே கிடக்கும். நிர்வாகத் திரையில் நீக்கக் குறியிட்டு, அந்த நீக்கத்தையும் வெளியிடுங்கள்.