கடைக்கு ஒன்று

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்பெயினின் சான் செபாஸ்டியனுக்குப் போகிறேன். மூன்று இரவுகள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. முட்டை சாப்பிடுவார், கறி, மீன் தொடமாட்டார். எந்தப் பகுதியில் தங்கலாம்? டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? மாலை 7 மணிக்கு உட்கார்ந்து சாப்பிட நல்ல உணவகம் ஒன்று சொல்லுங்கள். அங்கே போய்வந்த நண்பன், "பார் கவுண்டரில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். பெரிய தட்டு ஒன்றை வாங்கி நிரப்பிக்கொள், ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும்" என்கிறான். சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

க்ரோஸ் பகுதியில் தங்குங்கள். உருமேயா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம். மேடு பள்ளம் இல்லாத சிறிய நடை, அம்மாவின் காலுக்குத் தோதானது. பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுத்தால் தெருச் சத்தம் தூங்கவிடாது. டிப்ஸுக்காகக் கவலைப்படாதீர்கள், மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் போதும்.

உங்கள் நண்பனின் தட்டுக்கு வருகிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து அந்தத் தட்டைக் கையில் வாங்காதீர்கள். கவுண்டருக்குப் போனதும் நீட்டுவார்கள், வேண்டாம் என்று தலையாட்டினால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கவுண்டரில் அடுக்கியிருப்பவை ஆறிய பின்ச்சோக்கள். ரொட்டித்துண்டின் மேல் எதையாவது வைத்துக் குச்சி குத்தியவை. செய்து ஒரு மணி நேரம் போனால் ரொட்டி ஈரத்தை இழுத்துக்கொண்டு நமுத்துவிடும், மேலே தடவிய மயோனைஸ் ஏடு கட்டிவிடும். எட்டு வகையை ஒரே தட்டில் அள்ளினால் நெத்திலியின் எண்ணெய் ஆம்லெட்டில் இறங்கும், மூன்றாவது வாய்க்கு மேல் எல்லாம் ஒரே ருசி. போதாததற்கு, அந்தக் கடையின் நல்ல சரக்கு உள்ளே அடுப்பில் இருக்கும். சுவரில் கரும்பலகை தொங்கும், சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் கவுண்டரை மட்டும் காலி செய்துவிட்டு வந்து, "ஊரே ஏமாற்று" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தவறு ஊரிடம் இல்லை.

அங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம். கன்பாரா என்றால் காளானும் முட்டை மஞ்சள் கருவும். நெஸ்தோர் என்றால் தோர்தில்யா, அதாவது உருளைக்கிழங்கு ஆம்லெட். மதியம் ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவுதான் போடுவார்கள். வெட்டினால் நடுப்பகுதி தளதளவென்று வழிய வேண்டும். வேறு கடைகளில் காலையில் செய்து கவுண்டரில் கிடந்து மைக்ரோவேவில் சூடேறிய துண்டு ரப்பராக இழுக்கும், அதைத் தொடாதீர்கள். முன்கூட்டியே போய்ப் பெயர் கொடுத்தால்தான் துண்டு கிடைக்கும். அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு அந்த ஊரில் இல்லை.

ஆகவே கடைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உள்ளே நுழைந்ததும் குடிக்க ஒன்றும் அடுப்பிலிருந்து ஒன்றும் சேர்த்தே சொல்லுங்கள்; தனியாகச் சொன்னால் பானம் தீர்ந்த பிறகுதான் தட்டு வரும். கூட்டத்தில் கையைத் தட்டிக் கூப்பிடாதீர்கள். "குவாந்தோ புவேதாஸ்" என்றால் போதும், 'உங்களுக்குத் தோதுப்படும்போது' என்று அர்த்தம். சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னென்ன எடுத்தீர்கள் என்று நீங்களே சொல்லிக் காசு கொடுப்பதுதான் பல கடைகளில் வழக்கம். எண்ணிக்கையில் பிசகாதீர்கள், உங்கள் வார்த்தையை நம்பித்தான் கணக்கு. பிறகு அடுத்த கடை. ஐந்தாறு பின்ச்சோவில் வயிறு நிறைந்துவிடும்.

முதல் கடையில் நீங்கள் ஹில்டா சாப்பிடுங்கள். இபார்ரா ஊரின் மெல்லிய பச்சை மிளகாய் ஊறுகாய் இரண்டு மூன்று, உப்பில் பதப்படுத்திய நெத்திலி ஒன்று, ஆலிவ், எல்லாம் ஒரே குச்சியில். 1940களில் காசா வல்யேஸ் என்ற மதுக்கடையில் பிறந்தது. ரீட்டா ஹேவொர்த் நடித்த 1946ஆம் ஆண்டுப் படத்தின் பெயர். பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் என்பது பெயருக்கு அவர்கள் சொல்லும் காரணம். நம் பேச்சில் 'பச்சையாக' என்றால் என்ன தொனியோ, ஸ்பானிஷிலும் அதே தொனி உண்டு. இதைக் கடித்துக் கடித்துத் தின்னக்கூடாது. குச்சியை உருவிவிட்டு முழுதாக வாய்க்குள் போட வேண்டும். தனியாகக் கடித்தால் நெத்திலி வெறும் உப்பு, மிளகாய் வெறும் புளிப்பு. நெத்திலி செம்பழுப்பாக, எண்ணெய் மினுங்க இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அது காடியில் ஊறிய போக்கெரோன், வேறு சாமான்.

நேரம்தான் அம்மாவுக்கு முக்கியம். உணவகங்களில் எட்டு, எட்டரைக்கு முன் இரவுச் சாப்பாடு கிடைப்பது அரிது. 7 மணி உங்கள் பசியின் நேரம், அந்த ஊரின் நேரம் அல்ல. அதை அங்கே திணிக்காதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள். கவுண்டர் அப்போதுதான் நிரம்பியிருக்கும், சுவரோரம் ஸ்டூலும் காலியாக இருக்கும். ஒன்றரைக்கு மேல் நிற்கவே இடம் கிடைக்காது. மூன்றரை வாக்கில் பல சமையலறைகள் மூடிவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்த்துப் பயணத்தை வையுங்கள்.

"வெஹெதாரியானா", அதாவது சைவம், என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடை இறைச்சியான ஹமோனைச் சிலர் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வெஹெதால்' (காய்கறி) என்று பெயர் போட்ட சாண்ட்விச்சில் சூரை மீன் இருக்கும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" (கறி இல்லாமல், மீன் இல்லாமல், ஹமோன் இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சூப், சாதம், பயறு எதுவானாலும் எலும்புச் சாற்றில் வெந்ததா என்று கேளுங்கள். கல்லுப்புத் தூவிய கெர்னிகா மிளகாய் வறுவல் அம்மாவுக்கு ஆகும். இதியாசாபால் என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ், ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாற்றால் உறைய வைப்பது; அதை அம்மா பொருட்படுத்தாவிட்டால் அதுவும் ஆகும். 31 தே அகோஸ்தோ தெருவுக்கு ஒரு மாலை கூட்டிப்போங்கள். 1813இல் நகரமே எரிந்தபோது தப்பித்து நின்ற தெரு அது. லா வீன்யா என்ற கடையின் மேல்தோல் கருகிய சீஸ்கேக்கும் அங்கேதான். ஒரு தட்டில் இரண்டு கரண்டி கேளுங்கள்.

அம்மா மது குடிக்கமாட்டார் என்றால் மோஸ்தோ கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. ஐஸ் வேண்டாம் என்றால் "சின் இயேலோ".